வலை கிழியாத இடம்

கடற்கரைப் பெண் கடலுக்குப் போகவேண்டியதில்லை. கடல் அவள் மடிக்கு வரும், கிழிந்துபோய். பூரணத்தின் மடிக்கு அது பதினெட்டு வருடமாக வந்துகொண்டிருந்தது.

சல்லியில் பிறந்து நிலாவெளிக்கு வாழ்க்கைப்பட்டவள். புருசன் ஆனந்தராசா கரைவலைச் சம்மாட்டி. சம்மாட்டி என்றதும் பெரிய ஆள் என்று எண்ணிவிடக் கூடாது. ஒரு வலை, ஒரு வள்ளம், பாட்டில் பதினொன்றில் ஒரு பங்கு, அவ்வளவுதான். பாடு என்பது வலை வளைக்கிற கடல்துண்டு. கல்லும் பாரும் இல்லாமல், வழித்த சட்டிபோல் வெறும் மணல் கிடக்கிற இடம் அந்தக் கரையில் ஊருக்குத் தெரிய அது ஒன்றுதான். பதினொரு சம்மாட்டிமார் அதை நாளுக்கு ஒருவராக முறை வைத்து ஆண்டார்கள். முறைக்காரர் தம் கையால் கயிற்றுத் தலைப்பை எடுத்துக் கொடுக்க வேண்டும். பிள்ளையார் கோயிலில் மத்தியானப் பூசை மணி அடிக்கமுன் வலை தண்ணீரில் நனைய வேண்டும். தொடர்ந்து மூன்று முறை நனையாவிட்டால் பங்கு பொதுவுக்குப் போய்விடும். எழுதாத சட்டம். எழுதாததால் அழிக்கவும் முடியாதது.

வலை கரையேறியதும் ஆண்கள் மீனைப் பார்ப்பார்கள். பூரணம் வலையைப் பார்ப்பாள். பின்னேரம் முழுவதும் வலை ஊசியும் நூலுமாகக் குந்தியிருந்து பொத்துவாள். நீரோட்டம் வலையைப் பாட்டின் ஓரங்களுக்கு இழுத்துவிடும், கிழிசல்கள் ஒன்றுபோல் ஒன்று இருப்பதில்லை. கல்லில் பிடித்தது வாய் பிளந்து தொங்கும். பவளப் பாரில் உரசியது பூனை நகம் பட்ட சீலைபோல் இழை இழையாக நிற்கும். உலகச் சண்டைக்காலத்தில் தாழ்ந்த கப்பல் இரும்பில் மாட்டியது கத்தரித்ததுபோல் நேராகப் போயிருக்கும், ஓரத்தில் துரு ஒட்டியிருக்கும்.

“இது எங்கை பிடிச்சது?” என்று ஒவ்வொரு கிழிசலுக்கும் கேட்பாள்.

ஆனந்தராசா வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு குறி சொல்வான். எந்த மரமும் எந்த மரமும் ஒன்றாகத் தெரிந்தன, கடலுக்குள் தீவாகக் கிடக்கிற புறாமலை எந்தக் கைப்பக்கம் நின்றது என்று. “உனக்கென்னத்துக்கு? நீயென்ன அங்கை போய்க் குடியிருக்கப் போறியோ?” என்று சிரிப்பான். அந்தக் குறியையும் முடிச்சோடு சேர்த்து இறுக்கிவிடுவாள்.

அறுபத்திநாலாம் ஆண்டுச் சூறாவளியில் கூரை பறந்தபோது அயலவர்கள் றங்குப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பூரணம் வலையை இழுத்துக்கொண்டு போய்க் கிணற்றடித் தென்னையில் சுற்றிக் கட்டினாள். காற்று நின்றபோது தென்னைக்குத் தலை இல்லை, வலை இருந்தது. அவளைப் பற்றி ஊர் சொல்லுகிற முதல் கதை இது. இரண்டாவது கதை பதினொரு வருடம் கழித்து வந்தது.

எழுபத்தைந்தாம் ஆண்டு வைகாசியில் ஆனந்தராசா நெஞ்சைப் பொத்திக்கொண்டு வலை வைக்கிற கொட்டிலான வாடியின் வாசலில் சரிந்தான். சாவுத் துடக்கு முப்பத்தொரு நாளையும் ஊர் கணக்கில் எடுக்கவில்லை. அதற்குப் பிறகு வந்த முறைநாளில் பூரணம் கயிற்றுத் தலைப்போடு கரையில் நின்றாள். ஒருவரும் வரவில்லை. தாலி கழற்றியவள் கையால் கயிறு வாங்கிக் கடலில் இறங்குவதாவது! அடுத்த முறைக்கு மண்டாடி தவராசாவும் இன்னும் நாலு பேரும் வந்தார்கள். மண்டாடி என்பவன் கரையில் நின்று துண்டை வீசி வலையை நடத்துகிறவன். எவ்வளவு வீசினாலும் நாலு பேரைக்கொண்டு கரைவலை இழுக்க ஏலாது.

மூன்றாவது முறைக்கு முன்னம் அவள் வீடு வீடாகப் போனாள். அழவில்லை, கெஞ்சவில்லை. ஒவ்வொரு படலையிலும் ஒரே கதையைத்தான் சொன்னாள்.

“தலைப்பு நான்தான் தருவன். என்ர முகத்தில முழிக்க விருப்பமில்லாதவை மற்றப் பக்கம் பாத்துக்கொண்டு வாங்குங்கோ.”

சிரித்தவர்கள் வருவதாகச் சொன்னார்கள். பதினெட்டுப் பேர் சிரித்தார்கள். போதும்.

அப்படி எல்லாம் சரிக்கட்டி வைத்த முறைநாளுக்கு முதல்நாள் பின்னேரம்தான் அந்தச் சின்னப் பாய்க்கப்பல் வந்தது.

வெள்ளை உடம்பு, ஒற்றைப் பாய்மரம். நம்மூர் வள்ளம் இரண்டை முன்னும் பின்னுமாக வைத்தால் அதன் நீளம் வரும். அதில் ஒரு வெள்ளைக்காரனும் அவன் பெண்சாதியும். நங்கூரம் போட இடம் தேடி வடக்கும் தெற்குமாக மெல்ல ஊர்ந்துகொண்டிருந்தார்கள். தவராசா கரையில் நின்றான். தோளில் துண்டு கிடந்தது. பதினைந்து வருடமாக ஒரு வள்ளம் தடுமாறுவதைக் கண்டால் அவன் கை தானாக எழும்பும். துண்டை உதறி வலப்பக்கம் வீசினான். கப்பல் வலப்பக்கம் திரும்பியது. தவராசாவுக்குப் புளகம் பிடித்துவிட்டது. உள்ளே வா என்றான், வந்தது. நில் என்றான், நின்றது. துண்டைத் தலைக்குமேல் சுழற்றிக் கீழே இறக்கினான். ‘போடு’ என்று அர்த்தம். சங்கிலி கடகடவென்று இறங்கியது. வெள்ளைக்காரன் இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டான்.

கப்பல் நின்ற இடம் பாட்டின் நடுமையம். அவன் கைக்குப் பழகிய நல்ல மணல் அது ஒன்றுதானே!

பிறகு இருவரும் ஒரு சின்ன மர டிங்கியில் ஏறிக் கரைக்கு வலித்து வந்தார்கள். ஆடி மாதத்துக் கச்சான் காற்று தரையிலிருந்து கடலுக்கு அடித்துக்கொண்டிருந்தது, அலை பெரிதில்லை. பெரிதில்லாத அலைதான் ஆளை ஏமாற்றும். கரைக்கு இரண்டு பாகம், இரண்டு ஆள் கை விரித்த தூரம், இருக்க, பின்னால் வந்த ஒன்று டிங்கியின் பின்பக்கத்தைத் தூக்கிக் குறுக்கே திருப்பியது. வெள்ளைக்காரன் ஒரு தகரப் பெட்டியைத் தலைக்குமேல் காவடிபோல் தூக்கிக்கொண்டு கழுத்தளவு தண்ணீரில் நின்றான். பெண்சாதி உருண்டு, மணலும் தலைமயிருமாகக் கரையில் வந்து இருந்தாள்.

“பெட்டி நனையேல்லை, ஆக்கள்தான் நனைஞ்சது” என்றார் இராசதுரைச் சம்மாட்டியார். கரை முழுக்கச் சிரித்தது. பூரணமும் சிரித்தாள். பிறகு வீட்டுக்குப் போய் ஆனந்தராசாவின் பெரிய துவாயை எடுத்துவந்து அந்தப் பெண்ணைச் சுற்றிப் போர்த்துவிட்டாள். அந்தப் பெண் நெஞ்சைத் தொட்டு “மார்த்தா” என்றாள். தோல் உரிந்த மூக்கு, முப்பது வயதுக்கு உட்பட்ட முகம்.

கப்பல் எங்கே நிற்கிறது என்று பூரணம் அப்போது பார்க்கவில்லை. பொழுது இறங்கிக்கொண்டிருந்தது, சூரியன் தென்னைகளுக்குப் பின்னால் போய்விட்டது. தவராசா பார்த்தான். பார்த்து, விடியச் சொல்லுவோம் என்று விட்டுவிட்டான்.

விடிய அவன் வந்தபோது டிங்கி தாழம்பற்றை ஓரம் கவிழ்ந்து கிடந்தது. வெள்ளைக்காரன் கப்பலில் இருந்து தனியே அதில் கரைக்கு வந்து, துறைமுகக் கந்தோரில் கடதாசி காட்டவென்று முதல் பஸ்ஸில் திருகோணமலைக்குப் போய்விட்டான். பெண்சாதி மட்டும் கப்பலில்.

“எப்ப வருவானாம்?” என்று பூரணம் கேட்டாள்.

“தேத்தண்ணிக் கடையில நாலு விரலைக் காட்டினவனாம்” என்றான் தவராசா. அவள் முகத்தை அவன் பார்க்கவில்லை. “பின்னேரம் நாலு மணியாக்கும், அக்கா.”

“ஆர் அவனை அங்கை நங்கூரம் போடச் சொன்னது?”

தவராசா தோளில் கிடந்த துண்டை எடுத்து மடித்தான். பிறகு விரித்தான். பிறகு மறுபடி மடித்தான். அவளுக்கு விளங்கிவிட்டது.

“நல்ல வேலை பாத்தாய். உன்ர கையைக் கட்டிப்போட்டுத்தான் கடற்கரைக்கு விடவேணும்.”

வலை வளைத்தால் கப்பலின் நங்கூரக் கயிற்றில் போய் மாட்டும். நடுவில் கிழிந்து இரண்டாகும். எட்டுப் பேர் வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு போய்க் கப்பலைச் சுற்றி நின்று கத்தினார்கள், கையைக் காட்டினார்கள். அந்தப் பெண் உள்ளே இறங்கிக் கதவைச் சாத்திக்கொண்டாள். வள்ளம் திரும்பி வந்தது.

“நாங்களே தூக்கி அங்காலை போட்டால் என்ன?” என்றான் ஒருவன்.

மற்றவனின் நங்கூரக் கயிற்றில் கை வைப்பது அந்தக் கரையில் மற்றவனின் அடுப்பில் கை வைப்பதுபோல. கேட்டவனே தலையைக் குனிந்துகொண்டான்.

இராசதுரைச் சம்மாட்டியார் வாடி நிழலில் இருந்தார். நாளைய முறை அவருடையது. பூரணம் அவர்முன் போய் நின்றாள்.

“அண்ணை, கப்பல் போகுமட்டும் பொறுப்பியளோ? நாலரைக்கு வலை போட்டாலும் என்ர முறை முறைதான் எண்டு சொல்லுவியளோ?”

“நான் சொல்லுவன் தங்கச்சி. மற்ற ஒன்பது பேரும் சொல்லுவினமோ? இண்டைக்கு உனக்காக மணியைத் தள்ளி அடிச்சால், நாளைக்கு ஒருத்தன் நித்திரையால எழும்பாததுக்கும் தள்ளி அடிக்க வேணும்.” அவர் குரலில் கெடுதல் இல்லை. அதுதான் அவளுக்கு வலித்தது. “முறை எண்டா முறை, பிள்ளை. உன்ர மனுசன் இருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பான்.”

உண்மை. அவன் இதைத்தான் சொல்லியிருப்பான்.

அவள் கரைக்கு வந்து கடலைப் பார்த்தாள். மணி எட்டரை இருக்கும். “எட்டு ஆம்பிளையள் சுத்தி நிண்டு குழறினால் எந்தப் பொம்பிளையடா நங்கூரம் தூக்குவாள்?” என்று யாரிடமும் இல்லாமல் சொன்னாள். பிறகு, “நான் போறன்.”

இளசு ஒன்று துள்ளியது. “பொம்பிளை வலைவள்ளத்தில கால் வைக்கிறதோ? பிறகு நான் இண்டைக்குக் கடலுக்கு இறங்கமாட்டன், சொல்லிப்போட்டன்.”

“உன்ர வள்ளம் ஆருக்கு வேணும்?” பூரணம் தாழம்பற்றைப் பக்கம் நடந்தாள். கவிழ்ந்து கிடந்த டிங்கியின் ஓரத்தில் கை கொடுத்து ஒரு தூக்கில் நிமிர்த்தினாள். “இது வள்ளமோ? இதுக்கு ஆர் தேங்காய் உடைச்சவை? ஆர் சந்தனம் பூசினவை? கூழ்ச்சட்டிக்கு ரெண்டு அகப்பை வைச்ச மாதிரி இருக்கு. இதில பொம்பிளை ஏறப்படாது எண்டு எந்தச் சாத்திரத்தில கிடக்கு?”

சாத்திரத்தில் டிங்கி இல்லை.

“கேக்காமல் எடுக்கிறது பிழையெல்லோ அக்கா?” என்றான் தவராசா மெதுவாக.

“அவவின்ர சாமானை அவவிட்டைக் கொண்டுபோய்க் குடுக்கிறது எப்பிடியடா பிழை? நீ தலைப்பை நனையாமல் வைச்சிரு. நான் வந்துதான் தருவன்.”

சல்லியில் சிறுபெட்டையாக இருந்த காலத்தில் களப்பைத் தோணியில் குறுக்கறுத்து விறகு கொண்டுவந்த கை அது. துடுப்புக்கு இருபது வருடம் தூரம். அவள் முழங்கால் தண்ணீரில் டிங்கியைப் பிடித்துக்கொண்டு அலைகளைப் பார்த்தாள். மூன்று வந்தன. பிறகு ஒரு சோம்பல். அதற்குள் உள்ளே பாய்ந்து இரண்டு துடுப்பையும் ஒன்றாகப் போட்டாள். கச்சான் முதுகில் கைவைத்துத் தள்ளியது. போவது சுகம். திரும்பி வரும்போது இதே காற்று முகத்தில் இருக்கும் என்பது அவளுக்குத் தெரியும். அதை அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

கப்பலின் பக்கப் பலகையில் தட்டினாள். “தங்கச்சி! மார்த்தா!”

கதவு கொஞ்சம் திறந்தது. உரிந்த மூக்கு தெரிந்தது. கையில் நேற்றைய துவாய், தோய்த்து மடித்தது. அவளைக் கண்டதும் கதவு முழுக்கத் திறந்தது.

மேல்தட்டில் ஏறியதும் பூரணம் கதைக்கவில்லை. கதைத்துப் பயன் இல்லை. இடுப்பில் எப்போதும் செருகியிருக்கிற வலை ஊசியை எடுத்தாள். அதில் சுற்றியிருந்த நூலைப் பலகையில் அரைவட்டமாக வைத்தாள். அரைவட்டத்துக்குள் தன் ஒற்றை மோதிரத்தைக் கழற்றி வைத்தாள். மோதிரத்தைக் காட்டி, கப்பலைக் காட்டினாள். பிறகு நூலை மெல்லக் கரைப்பக்கம் இழுத்தாள். நூல் மோதிரத்தில் மாட்டி நின்றது. தலையில் கை வைத்துக்கொண்டாள். கரையில் நின்ற பதினெட்டுப் பேரைக் காட்டினாள். சூரியனைக் காட்டி, உச்சிக்கு விரலை நகர்த்தி, “டாண் டாண்” என்றாள்.

மார்த்தாவுக்கு விளங்கியது. விளங்கியும் தலையை ஆட்டினாள். ஏலாது. கைமணிக்கூட்டில் நாலு மணியைத் தொட்டாள். புருசன் வரவேண்டும். உள்ளே போய் ஒரு பெரிய கடற்படத்தை எடுத்துவந்து விரித்தாள். கப்பல் நின்ற இடத்தைச் சுற்றிப் பெருக்கல் குறிபோல் சின்னச் சின்னப் புள்ளடிகள். கல். எல்லாப் பக்கமும் கல். இந்த ஒரு இடம்தான் வெளுப்பாகக் கிடந்தது.

பூரணம் படத்தைக் குனிந்து பார்த்தாள். அவளுக்கு அது தலைகீழா நேரா என்றுகூடத் தெரியவில்லை. ஆனால் புள்ளடிகள் என்னவென்று தெரிந்தது. ஒவ்வொன்றையும் அவள் பொத்தியிருக்கிறாள்.

மடியில் இருந்து ஒரு பழைய வலைத்துண்டை எடுத்தாள். கப்பல் விளிம்பில் இருந்த முரட்டு இரும்பில் அதை உரசிக் கிழித்துக் காட்டினாள். “கல்லு” என்றாள். கிழிசலுக்குள் விரலை விட்டு, தெற்கைக் காட்டினாள், கிழக்கைக் காட்டினாள். அங்கெல்லாம் அப்படித்தான். பிறகு கிழியாத ஒரு மூலையைத் தன் உள்ளங்கையில் வழுக்கவிட்டாள். வடக்கைக் காட்டினாள்.

வடக்கே ஒரு இடம் இருந்தது. கலியாணமாகி நாலாம் வருடம், நீரோட்டம் வலையைப் பாட்டுக்கு வெளியே இழுத்துக்கொண்டு போன நாள். கந்தலாகத்தான் வரும் என்று ஊரே சொன்னது. வலைமடி நிறைய மணலும் நட்சத்திர மீனுமாக, ஒரு கண்கூட அறாமல் வந்தது. “எங்கை போய் நிண்டது?” என்று அவள் அன்றைக்குத் துருவித் துருவிக் கேட்டாள். “வாடித் தென்னையும் மற்றத் தென்னையும் ஒண்டாய் நிக்க, புறாமலை வலக்கைப் பக்கம்” என்றான் ஆனந்தராசா. பாட்டுக்கு வெளியே என்பதால் பிறகு அந்த இடம் ஒருவருக்கும் தேவைப்படவில்லை. பொத்துவதற்கு ஒன்றும் இல்லாத அந்த நாளை அவள்தான் மறக்கவில்லை.

மார்த்தா வலைத்துண்டையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். நகத்தைக் கடித்தாள். பிறகு துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு போய் இயந்திரத்தைக் கிளப்பினாள். அது இருமி, நின்று, மறுபடி இருமி ஓடத் தொடங்கியது.

கயிற்றில் முதலில் மார்த்தா கை வைத்தாள். கயிற்றுக்குச் சொந்தக்காரி அவள்தானே. பிறகு பூரணம். நாலு பாகத் தண்ணீர், கயிறு முடிந்து சங்கிலி, சங்கிலி முடிவில் கலப்பை நாக்குப்போல் ஒரு நங்கூரம். தவராசா பார்த்துப் போட்ட மணல் சும்மா விடுமா? இருவரும் காலை விளிம்பில் முட்டுக்கொடுத்து இழுத்தார்கள். அசையவில்லை. பூரணத்தின் வாயில் தானாக அம்பா வந்தது, வலை இழுக்கும்போது ஆண்கள் படிக்கிற பாட்டு. அவள் படித்ததே இல்லை, கேட்டதுதான். ‘ஏலோ’ என்ற இடத்தில் மார்த்தாவும் சேர்ந்து இழுக்கப் பழகிக்கொண்டாள். ஏழாவது ஏலோவில் கடல் விட்டுக்கொடுத்தது. இருவரும் பின்னால் விழுந்தார்கள்.

கரையில் ஆரவாரம் கேட்டது. தவராசா துண்டை எடுத்துத் தலைக்குமேல் வீசத் தொடங்கினான்.

“போடடா அதைக் கீழை!” என்று பூரணம் கத்தினாள். அவனுக்குக் கேட்டிருக்காது. மார்த்தாவின் கண் அந்தப் பக்கம் போகாதபடி குறுக்கே வந்து நின்று, தன் கையை நீட்டிக் காட்டினாள்.

மெல்ல மெல்ல வடக்கே போனார்கள். பாட்டின் எல்லைக் கல் தாண்டியது. வாடித் தென்னைக்குப் பின்னால் இன்னொரு தென்னை வந்து ஒளிந்தது. புறாமலை வலக்கைப் பக்கம். “போடு” என்று கையை இறக்கினாள். சங்கிலி இறங்கியது. மார்த்தா கப்பலைப் பின்னுக்கு எடுத்தாள். பூரணம் கயிற்றில் இரண்டு விரலை வைத்தாள். நல்ல மணலில் கயிறு முறுகி அமைதியாகும். இது அமைதியாகவில்லை. விரல் நுனியில் கறகறவென்று ஏதோ பல்லை நெருமியது.

கல்.

மார்த்தா அவளைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் பழையபடி நாலு மணி தெரிந்தது. வெயில் உச்சிக்கு இன்னும் இரண்டு சாண் இருந்தது.

பூரணம் கரையை உற்றுப் பார்த்தாள். வாடித் தென்னை சரி. பின்னால் நிற்கிற தென்னை எது? இளசு. பத்துப் பன்னிரண்டு வயதுக்குமேல் இருக்காது. ஆனந்தராசா குறி சொன்னது சூறாவளிக்கு முந்தி. அப்போது இந்தத் தென்னை தேங்காயாகத்தான் இருந்திருக்கும். அவன் சொன்ன மற்றத் தென்னை இது இல்லை. அது கிணற்றடித் தென்னை, தலை போனது, தறித்தது, அவள் வலையைச் சுற்றிக் கட்டியது.

“சனியனே” என்று தன்னையே வைதாள். “கட்டின மரத்தை மறப்பியோடி?”

மரம் இல்லாவிட்டால் என்ன? மரம் நின்ற இடத்துக்குப் பக்கத்தில் கிணறு இருக்கிறது. ஆனந்தராசா சாவதற்கு முன்மாதம் வெள்ளை அடித்த கட்டு, இலைகளுக்கு நடுவே பல்லுப்போல் தெரிந்தது. அதற்கு ஒரு முழம் இடப்பக்கம்தான் தென்னை நின்றது. அவள் கை அந்த அடிமரத்தைச் சுற்றியிருக்கிறது.

மறுபடி நங்கூரம் தூக்கினார்கள். இந்த முறை அம்பா வரவில்லை, மூச்சுத்தான் வந்தது. பூரணத்தின் உள்ளங்கையில் தோல் போய்விட்டது. கப்பல் இன்னும் அறுபது எழுபது பாகம் வடக்கே ஊர்ந்தது. வாடித் தென்னை மெல்ல நகர்ந்து போய், வெள்ளைக் கட்டுக்கு ஒரு முழம் இடப்பக்கம் நின்றது. கை இறங்கியது. சங்கிலி இறங்கியது. மார்த்தா இயந்திரத்தைப் பின்னுக்கு விட்டாள்.

கயிறு முறுகியது. பூரணம் விரலை வைத்தாள். ஒரு நடுக்கம். பிறகு ஒன்றும் இல்லை. கட்டிய மாட்டின் கயிறுபோல், கனமாக, சாந்தமாக நின்றது.

மார்த்தா தானும் விரலை வைத்துப் பார்த்தாள். சிரித்தாள். பூரணம் சிரிக்க நேரமில்லாமல் டிங்கியைக் காட்டினாள்.

இப்போது காற்று முகத்தில். ஆளுக்கொரு துடுப்பாக இருவரும் வலித்தார்கள். பத்து வலித்தால் ஐந்துதான் நகர்ந்தது. பூரணத்தின் துடுப்புப் பிடி சிவந்தது, வழுக்கியது. சீலைத் தலைப்பைக் கிழித்துச் சுற்றிக்கொண்டு வலித்தாள். கோயிலில் இருந்து கற்பூர மணமோ என்று தோன்றியது, கச்சான் எதையும் கொண்டுவரும். மணிக்கு முன்னால் ஐயர் தீபம் கொளுத்துவார்.

கரைக்குக் கிட்ட மார்த்தா நேற்றைய அவசரத்தில் இழுத்தாள். பூரணம் அவள் முழங்காலில் கை வைத்து அழுத்தினாள். பொறு. கரையில் பதினெட்டுப் பேரும் “வா! வா!” என்று குழறினார்கள். இராசதுரைச் சம்மாட்டியார்கூட எழும்பி நின்றார். பூரணம் கரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கடலைப் பார்த்திருந்தாள். ஒன்று, அவர்களைத் தூக்கி இறக்கிவிட்டுப் போனது. இரண்டு. மூன்றாவது பெரிது, அது உடைந்து சீறிக்கொண்டு கரையில் போய் விழுந்தது. அதன் முதுகில் கடல் மூச்சு வாங்கியது.

“இப்ப!”

டிங்கி ஊசிபோல் நேராகப் போய் மணலில் குத்தி நின்றது. பூரணம் முழங்கால் தண்ணீரில் குதித்து ஓடினாள். தவராசா கயிற்றுத் தலைப்பை இரண்டு கையிலும் பிள்ளைபோல் ஏந்திக்கொண்டு நின்றான். அவள் அதை வாங்கி, வள்ளத்தின் முன்னணியத்தில் நின்றவனிடம் நீட்டினாள். காலையில் துள்ளிய அதே இளசு. அவன் மற்றப் பக்கம் பார்க்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்துத்தான் வாங்கினான்.

வள்ளம் தண்ணீரைப் பிளந்தது. கயிறு ஓடியது. பிறகு வலையின் முதல் முழம் விளிம்பால் வழுகிக் கடலுக்குள் இறங்கி, கறுத்து, நனைந்தது. இரண்டாம் முழம் இறங்கிக்கொண்டிருந்தபோது பிள்ளையார் கோயிலில் மணி அடித்தது.

இராசதுரைச் சம்மாட்டியார் நடந்து வந்தார். ஈர வலையையும் அவளையும் பார்த்தார். “நனைஞ்சிட்டுது” என்றார். ஊருக்குக் கேட்கச் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தி, “அந்த இடத்தில மணல் கிடக்குதெண்டு எனக்கே தெரியாதடி பிள்ளை” என்றார்.

“நீங்கள் மீனைப் பாத்தனீங்கள் அண்ணை.”

நாலரை மணி பஸ்ஸில் வந்து இறங்கிய வெள்ளைக்காரன் கடலைப் பார்த்துத் திகைத்து நின்றான். கப்பல் விட்ட இடத்தில் இல்லை. ஓடிவந்தான். பெண்சாதி முழங்கால் மணலில் புதைய, பதினெட்டுப் பேரோடு பத்தொன்பதாவது ஆளாகக் கயிறு பிடித்து ‘ஏலோ’ என்று கத்திக்கொண்டிருந்தாள். அவள் முகவாயால் வடக்கைக் காட்டினாள். அங்கே கப்பல் சாந்தமாக ஆடிக்கொண்டு நின்றது. தவராசா அவனுக்கு விளங்கப்படுத்தத் துண்டை எடுத்தான். பூரணம் அதைப் பறித்துத் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள்.

மீன் சுமார். கும்பளாவும் சூடையும், மேலால் கொஞ்சம் பாரை. இழுத்தவர்கள் தங்கள் பங்கைப் பிரித்துக்கொண்டு போனார்கள். இளசு போகும்போது, “அடுத்த முறை எப்பவக்கா?” என்று கேட்டான்.

“நாளையில இருந்து எண்ணு. பதினோராம் நாள். நேரத்துக்கு வா.”

வலை மணலில் நீளமாகக் கிடந்தது. பூரணம் அதன் ஓரமாக நடந்து கண் கண்ணாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். வலைமடிக்குக் கிட்ட ஒரு சாண் கிழிசல் இருந்தது, வாய் பிளந்தது. அவள் குந்தியிருந்து அதை மடியில் இழுத்துப் போட்டாள். உள்ளங்கை எரிந்தது. ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே தலை நிமிராமல் கேட்டாள்.

“தவராசா, இது எங்கை பிடிச்சது?”